நெட்டையின் கூடு, கட்டையின் கூடு

மார்ச் 18, திங்கள்

இன்று முதல் செய்த வேலையை எல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று சின்னம்மா சொல்லிவிட்டார். சின்னம்மா என்றால் பெரிய துரையின் மகள் ரோசலின், எங்கள் காப்பித் தோட்டத்து முதலாளி. பெரிய துரை இறந்த பிறகு தோட்டமும் அவருடைய இரண்டு ரைபிள்களும் மகள் பொறுப்புக்கு வந்தன. சுட்ட கூடுகளில் மறுபடி மருந்து அடைத்துத் தோட்டா ஆக்குவது என் வேலை.

"தோட்டா விஷயம், மாரப்பண்ணே. லைசென்ஸ் எல்லாம் சரியா இருந்தாலும் போலீஸ்காரங்க எப்ப வேணாலும் கேப்பாங்க. அன்னன்னைக்கு என்ன செஞ்சீங்கன்னு ஒரு டைரி இருக்கட்டும்" என்றார். எனக்கு எழுத்து வாசனை கிடையாது என்பது அவருக்குத் தெரியும். சின்ன வயதில் அவரைத் தூக்கி வளர்த்த கை இது. "கமலவேணி எழுதட்டுமே" என்று அதற்கும் அவரே வழி சொல்லிவிட்டார்.

கமலவேணி என் மூத்த மருமகள். எட்டாவது படித்தவள். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். நான் பேசுகிறபடி எழுதாமல் புத்தகத்தில் வருவது போலத் திருத்தி எழுதுகிறாள். திரும்பப் படித்துக் காட்டினால் யாரோ பெரிய மனிதர் பேசுவது போலிருக்கிறது. இருக்கட்டும்.

முதல் நாளே நல்ல சேதி இல்லை. ஈஸ்டர் வருகிறதென்று பங்களாவில் வீட்டைக் கழுவித் துடைக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்கார மரியபுஷ்பம் வீட்டிலுள்ள பித்தளையை எல்லாம் புளி போட்டுத் துலக்கியிருக்கிறாள். குத்துவிளக்கு, மெழுகுவத்தித் தண்டு, அண்டா. அதோடு நிற்காமல் தோட்டா அறையின் அலமாரியில் இரண்டு டப்பாக்களில் தனித்தனியாக இருந்த காலித் தோட்டாக் கூடுகளையும் எடுத்துத் துலக்கி, வெயிலில் காயவைத்து, எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டி வைத்துவிட்டாள்.

"பாருங்க தாத்தா, தங்கமாட்டம் மின்னுது" என்றாள்.

மின்னத்தான் செய்தது. எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

மார்ச் 19, செவ்வாய்

கமலவேணி கேட்கிறாள்: "ஒரே அளவுத் தோட்டாதான மாமா? கலந்தா என்ன?"

போலீஸ்காரரும் இதைத்தான் கேட்பார். அதனால் சொல்லிவிடுகிறேன்.

ரைபிள் இரண்டும் ஒரே அளவு. ஒன்று நெட்டை. பெரிய துரையின் அப்பா சீமையிலிருந்து வரவழைத்தது. இன்னொன்று கட்டை. அது ஏலத்தில் எடுத்தது. குழல் தொடங்குகிற இடத்தில் தோட்டா உட்கார ஒரு குழி உண்டு. நெட்டையின் குழியை இழைத்து இழைத்து, இறுக்கமாக வெட்டியிருக்கிறார்கள். கட்டையின் குழி கொஞ்சம் தாராளம். சேற்றிலும் புழுதியிலும் கிடந்தாலும் தோட்டா சிக்காமல் உள்ளே போக வேண்டும் என்று அப்படிச் செய்தார்களாம்.

தோட்டா வெடிக்கும்போது பித்தளைக் கூடு உப்பிக் குழியின் சுவரில் போய் ஒட்டும். சூடு தணிந்து வெளியே வரும்போது அந்தக் குழி எப்படியோ அப்படியே இருக்கும். அப்புறம் அது அந்தத் துப்பாக்கியின் கூடு. அடியில் மருந்துக்குப் பொறி கொடுத்துவிட்டுச் செத்த கேப்பைத் தட்டி எடுத்து, கழுத்தை மட்டும் அச்சில் பிடித்து, புது கேப்பும் மருந்தும் குண்டும் வைத்தால் தன் துப்பாக்கிக்குள் வழுக்கிக்கொண்டு போகும். கட்டையில் வெடித்ததை நெட்டையில் போட்டால் குழியைப் பின்னாலிருந்து அடைக்கிற போல்ட் பூட்டாது. நெட்டையில் வெடித்தது கட்டைக்குள் போகும். ஆனால் ஒருமுறை அங்கே வெடித்துவிட்டால் நெட்டைக்குத் திரும்ப முடியாது.

முழுக்கூட்டையும் அச்சில் வைத்து நசுக்கிப் புதிது போல ஆக்கலாம். வாலிபக் கூட்டுக்கு அது சரி. இந்த அளவுத் தோட்டாவை இப்போது யாரும் செய்வதில்லை. இருப்பது எல்லாம் கிழடு. நசுக்கினால் விரிசல் விடும்.

மே மாதக் கடைசியில் தோட்டக்காரர்கள் நடத்தும் பழைய ரைபிள் போட்டி. சின்னம்மா நெட்டையோடும் அவருடைய தம்பி கட்டையோடும் நிற்கப் போகிறார்கள். ரைபிள் கையில் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பிரித்துவிடலாம். தேர்தல் வருகிறதென்று லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி, போன வாரமே வாங்கிப் போய்விட்டார்கள். ஓட்டு எண்ணி முடித்தால்தான் வரும். அதுவரை காத்திருந்தால் கேப் மாற்றி, கழுத்துப் பிடித்து, மருந்து நிறுத்து வைக்க நாள் போதாது.

ஆகவே கையால்தான் பிரிக்க வேண்டும்.

மார்ச் 22, வெள்ளி

அண்டாவிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்து மேஜையில் பரப்பிப் பார்த்தேன். முன்பெல்லாம் கழுத்தில் படிந்த கரியே சொல்லிவிடும். தாராளக் குழியில் புகை பின்னுக்கு வழிந்து தோள்வரை கறுத்திருக்கும். புளி அதை எல்லாம் தின்றுவிட்டது. மிச்சமிருப்பது மயிரிழை வித்தியாசம். என் வலது கண்ணில் புரை. இடது கண்ணுக்கு வயசு.

இந்த வேலையில் பாதி எப்போதும் பழனாத்தாளுடையது. கழுவுவதும் காயவைப்பதும் பிரிப்பதும் அவள். கூட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு உருட்டு உருட்டுவாள். "இது கொமரி" என்பாள், அது நெட்டை. அடிவயிறு லேசாக உப்பியிருக்கும் கட்டையின் கூட்டைப் "புள்ளத்தாச்சி" என்பாள். பெரிய துரைக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு அடங்காது. வெள்ளைக்கார விருந்தாளி ஒருத்தருக்கு இங்கிலீஷில் சொல்லிக் காட்டினார். அந்த விருந்தாளி அன்றைக்குச் சாம்பல் நிறத்தில் தொப்பி போட்டிருந்தார்.

பழனாத்தாள் என் சம்சாரம். இப்போது திருப்பூரில் சின்னவன் நாச்சிமுத்து வீட்டில் இருக்கிறாள். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், மூத்தவன் சென்னியப்பனுக்கு இருப்பது ஒரே அறை. சின்னவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் பனியன் கம்பெனி வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அப்பா மூத்தவனோடு, அம்மா சின்னவனோடு என்று பிள்ளைகள் பேசி முடித்தார்கள். வருகிற ஆடியோடு இரண்டு வருஷம். நான் தோட்டா அறையிலேயே படுத்துக்கொள்கிறேன். சாப்பாடு கமலவேணி கொடுத்துவிடுகிறாள். எந்தக் குறையும் இல்லை.

எந்தக் குறையும் இல்லை என்பதற்குக் கமலவேணி அடிக்கோடு போட்டிருக்கிறாளாம். எதற்கு என்று தெரியவில்லை.

மார்ச் 25, திங்கள்

மழை. காப்பி பூத்துவிட்டது. தோட்டம் முழுக்க வெள்ளை. அந்த வாசனைக்கு அவளுக்குத் தலைவலி வரும். வந்தாலும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

மார்ச் 27, புதன்

டவுனுக்குப் போய் எஸ்.டி.டி. பூத்தில் திருப்பூருக்குப் போன் போட்டோம். நாச்சிமுத்து குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர் வீட்டில்தான் போன். கூப்பிட்டு வரச் சொல்லி, வைத்து, மறுபடி போட வேண்டும். கமலவேணி எண்ணை அழுத்திக் கொடுத்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் நான் மட்டும்.

"ஆருங்க?" என்றாள். பழனாத்தாள் போனில் கத்துவாள். திருப்பூரிலிருந்து நேராகவே காதில் விழும்.

"நாந்தான்."

"ஏனுங்க, உடம்புக்கு ஏதாச்சும்?"

"உடம்புக்கு என்ன. நெட்டை கூடும் கட்டை கூடும் கலந்துபோச்சு. புளி போட்டுத் துலக்கிட்டாங்க."

"அட கண்றாவியே. யாரு அவ, கையில கொள்ளி வெக்க?"

"அது கெடக்குது. தோள்பட்டையைப் பாத்துச் சொல்றதா, அடிவயித்தைத் தடவிச் சொல்றதா? எதைப் புள்ள நீ மொதல்ல பாப்ப?"

பின்னால் குழந்தை அழுதது.

"ரெண்டையும்தான்" என்றாள். "வாயில சொன்னா வருமா அது? சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"குளிருக்குக் காதைக் கட்டிக்குங்க."

இங்கே குளிர் போய் ஒரு மாதமாகிறது என்று சொல்லவில்லை. வைத்துவிட்டேன். வெளியே வந்ததும் கமலவேணி, "அவ்வளவுதானா மாமா? இன்னும் மீட்டர் ஓடவே இல்லையே" என்றாள். வேலை விஷயம் கேட்டாகிவிட்டது, வேறென்ன பேசுவது?

ஏப்ரல் 2, செவ்வாய்

சின்னம்மா வந்து பார்த்தார். நான் பிரித்து வைத்ததில் சிலவற்றை எடுத்துத் தன் அளவுகோலால் நாலு இடத்தில் அளந்தார். பாதிக்கு மேல் தப்பு. அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"நானே உக்காந்து அளந்துடுவேன். பூ எடுத்த நேரம், தோட்டத்தை விட்டு நகர முடியல. பழனாத்தாக்காவைக் கூப்பிட்டா என்ன?"

"அவ சின்னவன் வீட்ல இருக்கறாளுங்க. கொழந்தை இருக்குது."

"வேலை முடியற வரைக்கும்தானே? நான் வேணா நாச்சிமுத்துகிட்ட பேசறேன்."

"உங்க இஷ்டமுங்க. வேலைக்கு வேணும்னா கூப்பிட வேண்டியதுதான்."

இதை எழுதும்போது கமலவேணி பேனாவை நிறுத்திவிட்டாள். அவளுக்கும் மாமியாருக்கும் அவ்வளவு ஒட்டாது. ஒரு அம்மிக்கல் தகராறு இருந்தது. "எங்க படுக்க வெக்கறது, மாமா?" என்றாள்.

"உங்களோட படுத்துக்கட்டும். பகல்ல இங்க வேலை."

"சரிங்க மாமா" என்றாள். அந்தச் சரியைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னாள். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதினாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஈஸ்டர். பங்களாவில் விருந்து. மத்தியானப் பஸ்ஸில் நாச்சிமுத்து அம்மாவைக் கொண்டுவந்து விட்டான். குழந்தைக்காகக் கம்பெனியில் லீவு எடுத்துக்கொண்டு சின்ன மருமகளே வீட்டில் இருக்கிறாளாம். அதனால் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னான்.

பழனாத்தாள் இளைத்திருக்கிறாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "இதென்னங்க, சவரம் பண்ணி எத்தனை நாளாச்சு? தோட்டத்துல காட்டெருமை பூந்துட்டதுன்னு சுட்டுப்போடப் போறாங்க" என்றாள்.

"துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்குது" என்றேன்.

கமலவேணி சிரித்துவிட்டாள். மாமியாரும் மருமகளும் ஒன்றாகச் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

காதைக் கட்டிக்கொள்ள எனக்கு ஒரு மப்ளர் கொண்டுவந்திருக்கிறாள். பனியன் துணியில் அவளே தைத்தது. இந்த வெயிலில் யார் கட்டுவது?

கட்டிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன் என்று கமலவேணி சேர்த்து எழுதுகிறாள். அடிக்கச் சொன்னேன். அடிக்கவில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 8, திங்கள்

வேலை தொடங்கிவிட்டது. மேஜையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பழனாத்தாள். நடுவில் அண்டா. அவள் உருட்டிப் பார்த்துச் சொல்கிறாள், நான் வாங்கி டப்பாவில் போடுகிறேன். அப்புறம் செத்த கேப்பைத் தட்டி எடுக்கிறேன்.

"கொமரி. கொமரி. புள்ளத்தாச்சி. இது... இது ஆரு? கொமரிதான், பயந்துபோய் மூச்சை இழுத்துப் புடிச்சிருக்கறா."

ஒன்றில் கழுத்தடியில் மயிரளவு விரிசல். ஒதுக்கி வைத்தாள். "இவளுக்கு வேலை முடிஞ்சுது. நம்மளை மாதிரி" என்றாள்.

சாயங்காலம் அவள் லயத்துக்குக் கிளம்பினாள். நான் வாசல்வரை போனேன். வாசலில் சும்மா நின்றேன், காற்றுக்கு.

ஏப்ரல் 10, புதன்

கேப் தட்டியெடுத்தேன். கழுத்து அச்சுக்கு எண்ணெய் போட்டேன். பழனாத்தாள் ராகிக் களி கிண்டிக் கொண்டுவந்தாள். கமலவேணி நன்றாகத்தான் சமைக்கிறாள். இது வேறு.

ஏப்ரல் 13, சனி

சித்திரை முதல் நாள். கோவிலுக்குப் போய்விட்டு வந்து அரை நாள் வேலை. குழந்தை கீர்த்தனாவைப் பற்றிப் பழனாத்தாள் ஓயாமல் பேசுகிறாள். அது இவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குமாம். அதனால் ஒரு பழைய சேலையை அங்கே விட்டுவிட்டு வந்தாளாம். "அப்பாரு எங்கன்னு கேட்டா, மலை மேல சாமியாட்டம் உக்காந்திருக்கறாருன்னு சொல்லி வெச்சிருக்கறன்" என்றாள். அப்பாரு என்றால் தாத்தா, அதாவது நான்.

நான் அந்தக் குழந்தையைப் பார்த்தது ஒரே தடவை. மொட்டை அடித்த அன்று.

"நீங்க ஒரு எட்டு வந்து பாத்தா என்னங்க?"

"அந்த வேக்காட்டுல யாரு இருக்கறது? கீழ எறங்கினா எனக்கு மூச்சு முட்டும். எனக்கு வேலை இங்க."

"ஆமாமா. ஊர்ல இல்லாத வேலை" என்றாள். அடுத்த கூட்டை எடுத்தாள்.

ஏப்ரல் 17, புதன்

ஒரு விஷயம்.

நெட்டையின் கூடுகளில் ஒன்றுக்கு அடிவிளிம்பில் பிறை மாதிரி ஒரு கீறல் உண்டு. சென்னியப்பன் பிறந்த வருஷம், போட்டித் திடலில் பெரிய துரை போல்ட்டை இழுத்தபோது அது தெறித்துப் பாறையில் பட்டு வந்த கீறல். நான்தான் குனிந்து எடுத்தேன். அப்போது கை சுட்டது. சாகும்வரை அதை வேறொன்றோடு குழப்பிக்கொள்ள மாட்டேன். நேற்றுச் சாயங்காலம், அண்டா பாதி இறங்கியிருந்தபோது, அதை நெட்டையின் டப்பாவில் என் கையால் போட்டேன். இன்று காலை அண்டாவில் கை விட்டால் மேலாகவே கிடக்கிறது.

டப்பாவைப் பார்த்தேன். நேற்று இருந்ததைவிட இறங்கியிருக்கிறது.

காலையில் நான் பால் வாங்கப் போகும்போது கூட்டிப் பெருக்க அறையைத் திறப்பவள் பழனாத்தாள் ஒருத்திதான்.

என் கைதான் எங்கேயோ தவறிப் போட்டிருக்கும். எலியாகவும் இருக்கலாம். இதை எழுத வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 18, வியாழன்

பிரித்து வைத்திருந்த கட்டையின் டப்பா முழங்கை பட்டு அண்டாவுக்குள் கவிழ்ந்துவிட்டது. என் முழங்கைதான்.

ஏப்ரல் 23, செவ்வாய்

கமலவேணி பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "மாமா, போன வாரம் அண்டா பாதி இறங்கிடுச்சுன்னு சொன்னீங்க. இன்னிக்கு முக்கால் அண்டா இருக்குதுங்கறீங்க. பித்தளை குட்டி போடுதா?"

"புள்ளத்தாச்சி இருக்குதல்ல. போடும்" என்றாள் பழனாத்தாள், தலை நிமிராமல்.

"போலீஸ் கேட்டா நான் என்னங்க சொல்றது?"

"நீ போலீசுக்குப் பொண்டாட்டியா, என் மகனுக்குப் பொண்டாட்டியா? எளுது, கெழவிக்குக் கை மரத்துப்போச்சு, வெரல்ல உணர்ச்சி இல்ல, அதனால மறுபடி மறுபடி பாக்க வேண்டியிருக்குதுன்னு எளுது."

எழுதிவிட்டாள். பழனாத்தாளுக்குக் கை மரத்துவிட்டதால் வேலை தாமதம்.

கை மரத்தவள் மாலையில் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

நாச்சிமுத்துவிடமிருந்து போன், பங்களாவுக்கு. லீவு முடிந்துவிட்டது, பக்கத்து வீட்டில் குழந்தையை விடுகிறார்கள், அது அழுகிறது, எப்போது அனுப்புவீர்கள் என்று. துப்பாக்கி வந்ததும் வேலை முடிந்துவிடும் என்று சின்னம்மா சொல்லியிருக்கிறார்.

பழனாத்தாள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "அது ஆருகிட்டயும் போகாதுங்க. ஏங்கிப்போயிரும்" என்றாள். இன்று மட்டும் டப்பா இறங்கவில்லை.

எனக்கு ஒன்று புரிந்தது. இங்கே இருந்தால் அவளுக்கு அங்கே ஏக்கம்.

அங்கே இருந்தபோது என்ன ஏக்கம் என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இல்லை.

மே 2, வியாழன்

ஓட்டுப் போட்டோம். விரலில் மை. பழனாத்தாளுக்கு ஓட்டு இன்னும் இங்கேதான் இருக்கிறது, மாற்றவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றாள். வெயில். மூத்தவன் குடை கொடுத்துவிட்டுப் போனான். ஒரே குடை.

மே 7, செவ்வாய்

வெள்ளிக்கிழமை துப்பாக்கி வந்துவிடும் என்று ஸ்டேஷனிலிருந்து ஆள் சொல்லிவிட்டுப் போனார். அண்டாவில் இன்னும் பாதிக்கு மேல். வந்தால் சின்னம்மா போட்டுப் பார்ப்பார். ஒரு கூட்டைப் போட்டால் போதும். போல்ட் பூட்டுகிறதா இல்லையா என்பதில் பொய் சொல்ல முடியாது.

மே 9, வியாழன்

அண்டா காலி. பழனாத்தாள் நேற்றும் இன்றும் உட்கார்ந்தாள். பேச்சே இல்லை. கொமரி, புள்ளத்தாச்சி என்றுகூடச் சொல்லவில்லை. தொட்டாள், வைத்தாள். தொட்டாள், வைத்தாள். ஒரு மாதம் நகராத வேலை.

மே 10, வெள்ளி

துப்பாக்கி வந்தது. சின்னம்மா நெட்டையைத் துடைத்து மேஜையில் வைத்து, அதன் டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் விட்டுப் போல்ட்டைப் பூட்டினார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. எல்லாம் பூட்டியது. பிறகு கட்டையின் டப்பாவிலிருந்து எடுத்து அதே நெட்டையில் போட்டார். ஒன்றும் பூட்டவில்லை.

"ஒண்ணுகூடத் தப்பில்லைக்கா" என்றார். "கை மரத்துப்போச்சுன்னு டைரியில இருக்கே?"

பழனாத்தாள் சேலைத் தலைப்பால் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்பப்ப மரக்குமுங்க. அப்பப்ப சரியாயிரும்."

சின்னம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து வந்து அழைத்துப் போகட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று திரும்பி, "அவசரம் ஒண்ணும் இல்ல, மாரப்பண்ணே" என்றார். எது அவசரமில்லை என்று சொல்லவில்லை.

மே 11, சனி

கழுத்துப் பிடித்தேன். கேப் வைக்கவில்லை.

பழனாத்தாள் தோட்டா அறையிலேயே உட்கார்ந்து துணி மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கமலவேணி வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததால் இது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லித்தான் எழுதுகிறாள். சொல்லலாமா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். இத்தனை நாள் சொல்லிவிட்டு இதை விட்டால் கணக்கு நேராகாது.

"நாளைக்கு வர்றானாம்" என்றேன்.

"வரட்டும்."

"அந்தக் கீறல் விழுந்த கூடு அண்டாவுக்குள்ள கெடந்துச்சு புள்ள. பதினேளாந் தேதி."

"கெடந்திருக்கும். அடுத்த நாளு உங்க மொளங்கை பட்டு டப்பாவே கவுந்துச்சே. அந்த மேசைக்கும் டப்பாவுக்கும் நடுவுல ஒரு ஆளு படுக்கலாம். எத்தனை வருசமா அந்த மேசையில வேலை செய்யறீங்க, ஒரு நாளு கவுத்திருக்கறீங்களா?"

நான் ஒரு கூட்டை எடுத்து விரலில் உருட்டினேன்.

"கூப்பிட்டிருக்கலாமல்ல" என்றாள்.

"கூப்பிட்டனே. போன் போட்டனே."

"வேலைக்குக் கூப்பிட்டீங்க. கொமரிக்கும் புள்ளத்தாச்சிக்கும் ஆள் வேணும்னு கூப்பிட்டீங்க." பையின் ஜிப் சிக்கிக்கொண்டது. இழுத்துக்கொண்டே பேசினாள். "என்னைக் கூப்பிடலை."

"இப்ப கூப்பிட்டா?"

"இப்பக் கூப்பிட்டா என்னங்க பண்றது? அந்தப் புள்ளை ஏங்கிக் கெடக்குது. அதை விட்டுப்போட்டு என்னால இங்க உக்கார முடியாது. உங்களுக்குக் கீழ மூச்சு முட்டும். உங்களுக்கு வேலை இங்க."

ஜிப் சரியானது. பையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டாள். வாசலில் நான் நின்றதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மே 12, ஞாயிறு

இதை மாமா சொல்லவில்லை. நான் கமலவேணி, நானாகவே எழுதுகிறேன்.

நாச்சிமுத்து காலை முதல் பஸ்ஸில் வந்தார். வந்த கையோடு கிளம்ப வேண்டும் என்று பறந்தார். வழியனுப்ப மாமாவும் கூடவே வந்தார். வேட்டி, பனியன், தோளில் துண்டு. கழுத்தில் மப்ளர். சவரம் பண்ணியிருந்தார். பஸ் நிற்கும் இடம்வரை அத்தையின் பையை அவர்தான் தூக்கி வந்தார்.

பஸ் வந்ததும் நாச்சிமுத்து முன்னால் ஏறினார். அத்தை ஏறினார். மாமா பையோடு ஏறினார். பையை வைத்துவிட்டு இறங்குவார் என்று கீழே நின்றேன். இறங்கவில்லை. அத்தைக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, வண்டி எடுக்கறாங்க, எறங்குங்க" என்றார் நாச்சிமுத்து.

"எடுக்கட்டும்."

"எங்கப்பா வர்றீங்க?"

"எங்கன்னு கேக்கறான் பாரு. எம் பேத்தியைப் பாக்க."

"பாத்துட்டு?"

"பாத்துக்கிட்டே இருக்கப் போறேன்."

நாச்சிமுத்துவுக்கு முகம் வெளுத்துவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டு, "ஒரே ரூமுப்பா. உங்களுக்குத் தெரியாததா? எடம் எங்க இருக்குது?" என்றார்.

"மொட்டை மாடி இருக்குதல்ல?"

"வெயில் காலத்துல அங்க..."

"ராத்திரியில ஏதுடா வெயிலு?"

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்டக்டர் வந்து, "பெருசு, சேலமா?" என்று கேட்டார். திருப்பூருக்குச் சேலத்தில்தான் வண்டி மாற வேண்டும். மாமா தன் இடுப்பைத் தடவினார். சுருக்குப்பை இல்லை. அவர் காசுகூட எடுத்து வரவில்லை. கண்ணாடியும் தோட்டா அறையில்தான் இருக்கிறது. அதுவரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்த அத்தை, முந்தானை முடிச்சை அவிழ்த்து, "ரெண்டு சேலம் குடுங்க" என்றார். அப்போதும் மாமாவைப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். இரண்டு பேர் சீட்டில் நகர இடமே இல்லை. நகர்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

"மூச்சு முட்டுதுன்னு சொன்னீங்கன்னா பாதி வழியில எறக்கி விட்டுருவன்" என்றார்.

"சொல்லமாட்டன்."

பஸ் நகர்ந்தது. மாமாவின் வேட்டி சட்டையை நாளைக்கு அவர் மூத்த மகனிடம் கொடுத்தனுப்ப வேண்டும், கண்ணாடியை மறக்காமல். சின்னம்மாவிடம் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போது, வளைவு திரும்பும் முன் ஜன்னலில் மாமாவின் தலை வெளியே வந்தது. காற்றில் மப்ளர் வாயை மூடியது. அதைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார்:

"கமலவேணி! இன்னிக்கு வேலை இல்லைன்னு எளுதிக்கோ!"

இன்று வேலை இல்லை.